முட்டை, பார்ப்பு, பெயர்: டோகெபி என்னும் விளையாட்டு உயிரும் நீலகிரியின் முட்டைச் சேகரிப்பு மரபும்

ஆய்வுச்சுருக்கம்

போக்கிமான் நிகழ்பட விளையாட்டுத் தொடரில் இடம்பெறும் டோகெபி, ஓட்டைக் களையாமல் முட்டை வடிவிலேயே உலவும் ஒரு கற்பனை உயிராகும். அதன் அமைப்பும் அதனைப் பெறும் முறையும் சேகரிப்பு, வளர்ப்பு, பெயரிடல் ஆகிய மூன்று செயல்களை உள்ளடக்கியவை. இம்மூன்றும் நீலகிரியின் இயற்கை வரலாற்றில் வேறொரு வகையில் நிகழ்ந்துள்ளன. அவ்விரண்டையும் தமிழ் இலக்கண மரபு கூறும் இளமைப் பெயர்களோடு ஒப்பிட்டு, உயிரினப் பெயரறிவு குறித்த ஒரு கருத்தை முன்வைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: டோகெபி, முட்டை, பார்ப்பு, மரபியல், நீலகிரி, சோலைக்காடு, பெயரிடல்.

முன்னுரை

உயிர்களைத் தேடிப் பிடித்துச் சேர்க்கும் விளையாட்டாகப் போக்கிமான் 1996-ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்தது. அதனை உருவாக்கிய சதோஷி தஜிரி, சிறுவயதில் டோக்கியோவின் புறநகரில் பூச்சிகளைப் பிடித்துச் சேகரித்தவர். நகர வளர்ச்சியால் குளங்களும் வயல்களும் மறைந்தபின், பூச்சி தேடிய இன்பத்தை அடுத்த தலைமுறைக்கு வேறு வடிவில் அளிக்க விரும்பியதே விளையாட்டின் தோற்றத்திற்குக் காரணம் என்பதை அவரே எடுத்துரைத்துள்ளார். எனவே மெய்யான உயிர்களின் இழப்பிலிருந்து பிறந்த கற்பனை உயிர்த்தொகுதி என இதனைக் கருதலாம். இழப்பின் ஈடாக வந்த ஒன்று, எஞ்சியிருக்கும் உயிர்களை அறிவதற்குத் துணைசெய்கிறதா, தடையாகிறதா என்பது ஆய்வுக்குரிய வினாவாகும்.

டோகெபியின் அமைப்பு

டோகெபி, தொடரின் உயிர்ப்பட்டியலில் 175-ஆம் எண்ணைப் பெற்றது. உயரம் 0.3 மீட்டர், எடை 1.5 கிலோகிராம். வெளிர்நிற ஓட்டின்மேல் சிவப்பும் நீலமுமான முக்கோண வடிவங்கள் காணப்படும். ஓட்டின் மேற்புறம் திறந்து, முள்முடி போன்ற தலை வெளிப்படும். கையும் காலும் ஓட்டைத் துளைத்து நீளும். பெயரின் முற்பகுதியான ‘தோகெ’ என்பது ஜப்பானிய மொழியில் முள்ளைக் குறிக்கும் சொல்லாகும்.

1999 நவம்பர் 21 அன்று ஜப்பானில் வெளியான ‘கோல்டு’, ‘சில்வர்’ விளையாட்டுகளில் இவ்வுயிர் முதலில் முட்டையாகவே ஆடுபவரின் கைக்கு வருகிறது. உள்ளே இருப்பது எது என்று அவருக்குத் தெரியாது. முட்டையைச் சுமந்துகொண்டு குறிப்பிட்ட அளவு நடந்தால் மட்டுமே அது பொரியும். பின்னர் ஆடுபவருடன் நெருக்கம் மிகும்போது டோகெடிக் என்னும் அடுத்த நிலையை அடைகிறது. 2006-இல் வந்த விளையாட்டுகளில் டோகெகிஸ் என்னும் மூன்றாம் நிலையும் சேர்ந்தது. மற்ற பல உயிர்கள் போரிட்டு வலுப்பெற்று நிலைமாற, டோகெபி அன்பினால் நிலைமாறுகிறது என்பது நோக்கத்தக்கது.

2016-ஆம் ஆண்டு வெளியான ‘போக்கிமான் கோ’ கைப்பேசி விளையாட்டில் முட்டை பொரிவதற்கு மெய்யான சாலையில் கிலோமீட்டர் கணக்கில் நடக்க வேண்டும். அவ்விளையாட்டு இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக அறிமுகமான 2016 டிசம்பர் மாதத்திலேயே டோகெபியும் அதன் முட்டைகளில் சேர்க்கப்பட்டது.

பார்ப்பு: தமிழ் மரபின் இளமைப் பெயர்கள்

நிலைதோறும் பெயர் மாறும் இம்முறை தமிழுக்குப் புதிதன்று. அரும்பு, மொட்டு, மலர், வீ எனப் பூவின் பருவங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் வழங்குகின்றன. தொல்காப்பிய மரபியல், உயிர்களின் இளமைப் பெயர்கள் ஒன்பது என வரையறுத்து, எப்பெயர் எவ்வுயிர்க்கு உரியது என்பதையும் விளக்குகிறது. பார்ப்பு, பிள்ளை ஆகிய இரண்டும் பறப்பவற்றுக்கு உரியன. தவழ்பவற்றுக்கும் அவை பொருந்தும் என்பது அதன் விதி. பறவையும் ஆமை போன்ற தவழ்வனவும் தோற்றத்தால் வேறுபட்டவை. முட்டையிலிருந்து பிறத்தலே இரண்டுக்கும் பொதுவான பண்பாகும். ஆகவே இவ்விளமைப் பெயர்கள் பிறப்பு முறையை உட்கொண்டு அமைந்தன எனக் கருத இடமுண்டு. முட்டையில் பிறப்பவற்றை ‘அண்டசம்’ எனப் பிற்கால நூல்கள் தனிவகையாகக் கொள்வதும், ‘அண்டம்’ என்னும் சொல் முட்டையையும் உலகத்தையும் ஒருங்கே குறிப்பதும் இங்கு நினைக்கத்தக்கன.

மருதம் பாடிய ஓரம்போகியாரின் ஐங்குறுநூற்றுப் பாடல் ஒன்று, தாயின் முகத்தை நோக்கியே வளரும் ஆமைப் பார்ப்பினை உவமையாக்குகிறது. போக்கிமான் தொலைக்காட்சித் தொடரில் டோகெபி பொரிந்தவுடன் முதலில் கண்ட மிஸ்டி என்னும் சிறுமியையே தாயாகக் கொள்கிறது. பொரிந்த குஞ்சு முதலில் காண்பதைத் தாயாகப் பற்றிக்கொள்ளும் இயல்பினைக் கான்ராட் லோரன்ஸ் 1935-இல் விரிவாக எழுதினார். உவமையும் அறிவியலும் விளையாட்டும் முகம் நோக்கும் பார்ப்பு என்னும் ஒரே காட்சியில் சந்திக்கின்றன.

டோகெபியை இவ்வகைப்பாட்டில் எங்கு வைப்பது? பொரிந்துவிட்டதால் அது முட்டையன்று. ஓட்டைக் களையாததால் முழுமையான பார்ப்பும் அன்று. இரு பருவங்களுக்கு இடைப்பட்ட அந்நிலையே அதன்பால் இரக்கத்தையும் காக்கும் விருப்பத்தையும் தூண்டுகிறது எனலாம்.

நீலகிரியின் முட்டைகள்

முட்டையைத் தேடிச் சேர்க்கும் செயல் நீலகிரியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முனைப்பாக நிகழ்ந்தது. ஏ. ஓ. ஹியூம் 1873 முதல் 1875 வரை வெளியிட்ட இந்தியப் பறவைகளின் கூடுகளும் முட்டைகளும் பற்றிய நூலுக்கு நாடெங்குமிருந்து குறிப்புகள் வந்தன. நீலகிரியிலிருந்து எழுதியவர்களுள் கோத்தகிரியில் வாழ்ந்த மார்கரெட் காக்பர்ன் குறிப்பிடத்தக்கவர். சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்னின் மகளான அவர், நீலகிரிப் பறவைகளை வண்ண ஓவியங்களாகவும் தீட்டினார். அவ்வோவியங்கள் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. ஹியூமின் பெருந்தொகுப்பும் 1885-இல் பிரிட்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

அக்காலச் சேகரிப்பு முறையில் முட்டையின் ஓட்டில் சிறு துளையிட்டு உள்ளிருப்பதை வெளியேற்றி, ஓட்டை மட்டும் பெட்டியில் வைப்பர். இடம், நாள், பறவையின் பெயர் ஆகியன எழுதப்படும். இவ்வாறு ஓடு நிலைபெற உயிர் நீங்கியது. பெயர் கிடைத்தது, பார்ப்பு கிடைக்கவில்லை. எனினும் நீலகிரிப் பறவைகளின் இனப்பெருக்கக் காலம், கூடமைக்கும் இடம் முதலிய அடிப்படைச் செய்திகள் பலவற்றை இக்குறிப்புகளே பதிவுசெய்தன என்பதையும் மறுக்க இயலாது.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்நிலையை மாற்றியது. காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சிதைப்பதையும், முட்டைகளையோ கூடுகளையோ குலைப்பதையும் அச்சட்டம் ‘வேட்டை’ என்னும் சொல்லின் பொருளுக்குள் அடக்கியது. தமிழ்ச் சொற்பொருள் நோக்கிலும் இது சிந்திக்கத்தக்க விரிவாகும். அம்பும் துப்பாக்கியும் இன்றிக் கையால் கூட்டைக் கலைத்தாலும் அது வேட்டையே.

ஓட்டினின்று கால் நீளும் டோகெபிக்கு நிகரான மெய்யுயிர் ஒன்றும் இம்மலையில் உண்டு. நீலகிரியின் சோலைகளிலும் புல்வெளிப் புதர்களிலும் வாழும் இரவோர்கெஸ்டிஸ் பேரினப் புதர்த்தவளைகளுக்கு நீரில் நீந்தும் தலைப்பிரட்டைப் பருவம் இல்லை. வளர்ச்சி முழுவதும் முட்டைக்குள்ளேயே நிகழ்ந்து, கால்கள் முளைத்த சிறு தவளையாகவே அது வெளிவருகிறது. முட்டை காய்ந்துவிடாதிருக்க ஈரம் வேண்டும். ஆகவே சோலையின் ஈரத்தைச் சார்ந்தே அதன் பிறப்பு அமைகிறது.

பெயரறிவும் உயிரறிவும்

ஆண்ட்ரூ பாம்ஃபோர்டும் பிறரும் 2002-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட சிறு ஆய்வு இங்குக் கருதத்தக்கது. பிரிட்டனில் தொடக்கப் பள்ளி மாணவர் 109 பேரிடம் உள்ளூர் உயிரினங்களின் படங்களும் போக்கிமான் படங்களும் காட்டப்பட்டன. நான்கு வயதில் உள்ளூர் உயிர்களை 32 விழுக்காடும் எட்டு வயதில் 53 விழுக்காடும் அடையாளம் கண்டனர். போக்கிமான்களைப் பொறுத்தவரை அது 7 விழுக்காட்டிலிருந்து 78 விழுக்காடாக உயர்ந்தது. குழந்தைகளின் நினைவாற்றலில் குறையில்லை; அவர்கள்முன் வைக்கப்படும் பெயர்களிலேயே வேறுபாடு உள்ளது என்பதே இதனால் பெறப்படும் முடிவு.

ஊட்டி, குன்னூர்ப் பகுதிக் கல்விச் சூழலுக்கு இம்முடிவு நேரடியாகப் பொருந்தும். நீலகிரிச் சிரிப்பானுக்கு ஜெர்டன் 1839-இல் இட்ட ‘கக்கின்னன்ஸ்’ என்னும் இலத்தீன் பெயர், உரக்கச் சிரிப்பது எனப் பொருள்படும். குரல் கேட்டுப் பெயரிடும் வழக்கம் அதிலும் வெளிப்படுகிறது. 2017-இல் வி. வி. ராபினும் பிறரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் நீலநிறச் சிறுபறவைகளுக்குப் புதிய பேரினம் வகுத்து, அதற்குச் ‘சோலிகோலா’ எனப் பெயரிட்டனர். சோலையில் வாழ்வது என்பது அதன் பொருள். தமிழின் ‘சோலை’ உலக அறிவியற் பெயராகியுள்ளது. ஆயினும் தேயிலைத் தோட்டங்களும் சீகை, தைல மரத் தோப்புகளும் பரவியதால் அச்சொல் குறிக்கும் காடு துண்டுதுண்டாகச் சுருங்கியுள்ளது. நீலகிரியின் சோலிகோலா இனமும் சிரிப்பானும் இன்று அச்சுறுத்தலுக்கு உள்ளான பறவைகளின் பட்டியலில் உள்ளன. பெயர் உலகெங்கும் சென்றிருக்க, பெயருக்குரிய பொருள் குறைந்து வருகிறது.

முடிவுரை

முட்டையோடு மனிதர் கொள்ளும் உறவில் மூன்று நிலைகள் இவ்வொப்பீட்டால் புலனாகின்றன. சேகரிப்பாளர் முட்டையை வெறுமையாக்கிப் பெயரைக் காத்தார். ஆடுபவர் முட்டையைச் சுமந்து நடந்து பொரிக்கிறார். இன்றைய சட்டமும் சூழலியலும் முட்டையைத் தொடாமல் விடுவதே காப்பு என உணர்த்துகின்றன. டோகெபி வழங்கும் காத்திருத்தல், நடத்தல், அன்புகாட்டல் ஆகிய பழக்கங்கள் இரண்டாம் நிலையின் பயன்கள். ஆனால் எடுத்துச் சுமப்பதே அன்பு என்னும் எண்ணம் காட்டுக்குப் பொருந்தாது. அதைத் திருத்தும் பொறுப்பு ஆசிரியர்க்கு உரியது.

தமிழாசிரியர்க்கு இதில் தனிப் பங்குண்டு. மரபியலின் இளமைப் பெயர்களைத் தேர்வுக்குரிய பட்டியலாக மட்டும் கற்பிக்காமல், அப்பெயர்களுக்குரிய உயிர்களைத் தொலைவில் நின்று கண்டு, கேட்டு, குறித்துவைக்கும் பயிற்சியாக அமைக்கலாம். படகர், தோடர், கோத்தர், இருளர், குறும்பர் ஆகியோரின் வழக்கிலுள்ள உயிரினப் பெயர்களை அவ்வம்மக்களின் பிள்ளைகளிடமே கேட்டுத் தொகுக்கலாம். டோகெபி, டோகெடிக், டோகெகிஸ் எனப் பருவந்தோறும் மாறும் பெயர்களைப் பிழையின்றிச் சொல்லும் குழந்தைக்கு முட்டை, பார்ப்பு, பறவை என்னும் வரிசை கடினமானதன்று. அதனைச் சொல்லித் தருவோரும், சோலையில் அதனைக் காணும் வாய்ப்பும் இருத்தல் வேண்டும்.