சின்னியா

பூந்தோட்டம் என்றவுடன் பரந்த நிலமும், வற்றாத கிணறும், தோட்டக்காரனும் வேண்டுமென எண்ணி மலைப்பவர் பலர். திண்ணைக்கும் தெருவிற்கும் இடையே நான்கு முழ நிலம் இருந்தாலே போதும். அந்நிலத்தில் நாள்தோறும் ஆறு மணி நேரமேனும் வெயில் விழுதல் வேண்டும். அத்துணைச் சிறிய இடத்திலும், ஊன்றிய விதையிலிருந்து ஏறத்தாழ இரண்டு திங்களில் பூவைக் காட்டிவிடும் செடி ஒன்று உண்டு. அதுவே சின்னியா.

இதன் தாயகம் மெக்சிகோ நாடு. பெயரோ செருமனியிலிருந்து வந்தது. அந்நாட்டுக் கெட்டிங்கன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் யோகான் காட்பிரீடு சின் என்னும் பேராசிரியர் விளங்கினார். 1727 ஆம் ஆண்டு பிறந்த அவர், உடற்கூற்று நூலும் செடிநூலும் ஒருங்கே கற்றவர். மனிதக் கண்ணின் அமைப்பை விளக்கி 1755 இல் ஒரு நூல் எழுதினார். கண்ணினுள் உள்ள வில்லையை அதன் இடத்தில் தாங்கி நிற்கும் மெல்லிய இழைகளை மருத்துவர்கள் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றனர். 32 வயது நிரம்பு முன்னரே, 1759 இல், அவர் மறைந்தார். அவ்வாண்டிலேயே சுவீடன் நாட்டுச் செடிநூற் பேரறிஞர் லின்னேயஸ் இச்செடி இனத்திற்கு அவர் பெயரைச் சூட்டினார். கண்ணை ஆராய்ந்தவர் பெயர் கண்ணைக் கவரும் பூவிற்கு அமைந்தது பொருத்தமே. செருமானியர் நாவில் அப்பெயரின் முதலெழுத்து, தகரமும் சகரமும் இணைந்தாற்போல் ஒலிக்கும். ஆதலின், விதைக் கடைகளில் 'ஜின்னியா' என வழங்குவதைச் 'சின்னியா' எனத் தமிழில் எழுதுதல் பிழையாகாது.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கும் வழக்கம் இச்செடிக்கும் ஏற்றதே. ஆடியில் ஊன்றினால் புரட்டாசியில் பூக்கத் தொடங்கும். நவராத்திரிக் கொலுவிற்கு வீட்டிலேயே பூக் கிடைக்கும். ஐப்பசி அடைமழையில் இளஞ்செடிகள் அழுகுமாதலின் அப்போது விதைத்தல் ஆகாது. மாசியிலும் விதைக்கலாம், வெயிலைக் கண்டு அஞ்சும் செடி அன்று இது.

மண்ணை ஒரு சாண் ஆழம் கொத்திக் கட்டி உடைத்து, மக்கிய தொழுவுரம் சிறிது கலந்தால் போதும். உரம் மிகுந்தால் இலை செழிக்கும், பூக் குறையும். களிமண்ணாயின் மணல் சேர்ப்பது நன்று. விதை தட்டையாய், அம்பின் நுனி போன்று இருக்கும். அதனை நகக்கண் அளவு ஆழத்தில் வைத்து, மேலே மண்ணைத் தூவிப் பூவாளியால் மெல்ல நீர் தெளித்தல் வேண்டும். நான்கு முதல் ஏழு நாட்களில் முளை தோன்றும். வேரை அசைப்பதை இச்செடி விரும்பாது. ஆகவே, நாற்று விட்டுப் பிடுங்கி நடுவதினும் நிற்கவேண்டிய இடத்திலேயே ஊன்றுவது சிறந்தது.

முளைத்தபின் தோட்டம் வைப்போருக்குக் கடினமான வேலை ஒன்று உண்டு. அடுத்தடுத்து முளைத்த செடிகளுள் சிலவற்றைக் களைந்து, செடிக்குச் செடி ஒரு சாணுக்குக் குறையாமல் இடைவெளி விடவேண்டும். முளைத்ததைப் பிடுங்க மனம் வருவதில்லை. ஆயினும், நெருங்கி நிற்கும் செடிகளிடையே காற்று நுழையாது. இலைகளின்மேல் வெண்ணீறு பூசினாற்போல் சாம்பல் நோய் படரும். பத்துச் செடிகளும் நலிவதினும் நான்கு செடிகள் நன்கு வளர்வது மேலன்றோ?

நுனி கிள்ளுதலும் அத்தகையதே. சின்னியாவின் இலைகள் காம்பின்றித் தண்டைத் தழுவி, எதிரெதிராக இணை இணையாகத் தோன்றும். தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். மூன்று நான்கு இணைகள் தோன்றியதும் நுனிக் குருத்தைக் கிள்ளிவிட வேண்டும். உடனே ஒவ்வோர் இலையின் கக்கத்திலிருந்தும் ஒரு கிளை புறப்படும். கிள்ளாத செடி நெட்டையாய் ஓங்கி, உச்சியில் ஒரு பூவை முதலில் காட்டும். கிள்ளிய செடியோ சில நாள் பிந்தினும் புதராய்ப் படர்ந்து பல பூக்களைத் தாங்கும்.

நீர் பாய்ச்சுவதற்குக் கிழமைக் கணக்கு உதவாது. மண்ணில் விரலை நுழைத்துப் பார்த்து, மேல்மண் உலர்ந்திருப்பின் காலையில் வேரடியில் விடவேண்டும், இலைமேல் ஊற்றலாகாது. இவ்வுண்மை வானவெளியிலும் விளங்கியது. பூமியைச் சுற்றிவரும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில், சிறு பெட்டி ஒன்றனுள் சின்னியாவை வளர்த்தனர். 2015 ஆம் ஆண்டின் இறுதியில் ஈரம் மிகுந்து இலைகளில் பூஞ்சணம் பிடித்தது. சில செடிகள் மடிந்தன. அங்கிருந்த அமெரிக்க வீரர் ஸ்காட் கெல்லி, பூமியிலிருந்து வரும் கால அட்டவணைப்படி நீர் விடுவதை விடுத்து, செடியைக் கண்டு தாமே முடிவு செய்ய விரும்பினார். அதற்கு இசைவும் கிடைத்தது. எஞ்சிய செடிகள் தேறி, 2016 ஆம் ஆண்டு சனவரியில் அந்நிலையத்தில் பூ மலர்ந்தது. கொல்லைப்புறத்தில் பூச்செடி வைத்திருக்கும் மூதாட்டியார் எவரும் இச்செய்தி கேட்டு வியப்படையார்.

இனிப் பூவைக் காண்போம். சூரியகாந்தி, சாமந்தி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது சின்னியா. ஒரு பூவெனத் தோன்றுவது உண்மையில் பல சிறு பூக்களின் கூட்டமாகும். புறத்தே உள்ள ஒவ்வோர் இதழும் ஒரு தனிப் பூ. நடுவட்டத்தில், சிறு விண்மீன்களைப் போன்ற மஞ்சள் நிறப் பூக்கள் ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒவ்வொரு சுற்றாய் விரியும். வெண்மை, மஞ்சள், செம்மை, ஊதா எனப் பல நிறங்கள் உண்டு. நீலம் மட்டும் இல்லை. மணமும் இல்லை. அதனால் மல்லிகையைப் போல் கூந்தலில் ஏறும் பேறு இதற்கு வாய்க்கவில்லை. வண்ணத்துப்பூச்சிகள் அக்குறையைப் பொருட்படுத்துவதில்லை.

குவளையில் வைக்கப் பூக் கொய்வோர், தண்டைப் பூவுக்கு ஒரு சாண் கீழே பிடித்து மெல்ல அசைத்துப் பார்ப்பது வழக்கம். கழுத்துத் துவண்டு ஆடினால் இன்னும் முதிரவில்லை என்பது பொருள், கொய்தால் வாடும். விறைத்து நின்றால் கொய்யலாம். சில நாள் குவளையில் நிற்கும். கொய்யக் கொய்ய இச்செடி மேன்மேலும் பூக்கும். பூக்களைச் செடியிலேயே விட்டுவைத்தாலோ, விதை முதிர்ப்பதில் தன் ஆற்றலைச் செலவிட்டுப் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும்.

பூவின் பருவங்களுக்குத் தமிழர் தனித்தனியே பெயர் வைத்தனர்: அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்பன. வீ என்பது உதிரும் பூ. செம்மல் என்பது வாடிய பூ. சின்னியாவில் வீ இல்லை எனலாம். இதன் புற இதழ்கள் உதிராமல், தம் அடியிலுள்ள விதையோடு ஒட்டியபடியே தாள்போல் உலர்ந்து நிற்கும். நெடுநாள் செம்மலாகவே இருக்கும் பூ இது. செம்மல் என்னும் சொல்லுக்குத் தலைமை சான்றவன் என்னும் பொருளும் உண்டு. அழகு போயிற்றெனக் குப்பையில் எறியப்படும் அந்தச் செம்மலே அடுத்த ஆண்டின் தோட்டத்தைத் தன்னுள் வைத்திருக்கிறது.

ஆகவே, எல்லாவற்றையும் கொய்துவிட்டால் விதை இல்லை. எல்லாவற்றையும் விட்டுவைத்தால் பூக் குறையும். செழித்த செடிகளில் நன்கு மலர்ந்த நான்கைந்து பூக்களை மட்டும் விதைக்கென ஒதுக்குவது வழி. உலர்ந்தபின் நிறம் தெரியாதாகையால், மலர்ந்திருக்கும்போதே அவ்வப்பூவின் நிறமுள்ள நூலைக் காம்பில் கட்டிவைக்கலாம். தலை முழுதும் பழுப்பு நிறமாகி, காம்பும் உலர்ந்தபின், மழையில்லாத நாளில் கொய்து நிழலில் பரப்பவேண்டும். உதிர்த்துப் பார்த்தால் இதழோடு ஒட்டிய விதைகள் முப்பட்டையாகவும், நடுவட்டத்து விதைகள் தட்டையாகவும் இருக்கும். விரலால் நசுக்க, உள்ளே ஒன்றுமின்றி மடிவன பதர்.

கடையில் 'வீரியக் கலப்பு' எனக் குறித்து விற்கும் விதையிலிருந்து வளர்ந்த செடியாயின், அதன் வழிவந்தவை தாயைப் போலவே இருக்கும் என நம்புவதற்கில்லை. கலப்பில்லா வகையிலும், வண்ணத்துப்பூச்சி செடிக்குச் செடி மகரந்தத்தைச் சுமந்து செல்வதால், சிவப்பு நூல் கட்டிய பூவின் விதையிலிருந்து இளஞ்சிவப்போ மஞ்சளோ தோன்றலாம். அது பிழையன்று, எந்த நிறம் வரும் என்று காத்திருப்பதே இச்செடி வளர்ப்போர் பலருக்கு இன்பம். தேறிய விதைகளைத் தாளில் மடித்து, நிறத்தையும் ஆண்டையும் மேலெழுதி, ஈரம் புகாத கண்ணாடிக் குடுவையிலிட்டு மூடி, அடுத்த ஆடி வரை இருட்டறையில் வைத்தல் வேண்டும்.