மீதி முப்பது மணி

எதிர்வீட்டு சார் வங்கியில் முப்பத்தைந்து வருடம் கணக்குப் பார்த்தவர். ஓய்வுபெற்ற பிறகும் கண்ணில் படுகிற எண்களை ஒரு முறை கூட்டிப் பார்க்காமல் விடமாட்டார். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீ குடிக்க வந்தவர், போனைத் திறந்து ஒரு கால அட்டவணையைக் காட்டினார். அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை சேர்ந்திருக்கும் இளைய மகள் அனுப்பியது. ஐந்து பாடம், ஒவ்வொன்றுக்கும் நேரே மூன்று கிரெடிட். திங்களும் புதனும் மூன்று மூன்று வகுப்பு, செவ்வாயும் வியாழனும் இரண்டிரண்டு. எல்லாமே ஒன்றேகால் மணி நேரம். வெள்ளிக்கிழமை மொத்தமும் காலி.

“கூட்டிப் பாத்துட்டேன் சார். வாரத்துக்குப் பன்னெண்டரை மணி நேரம்தான் வருது. ஆனா பதினைஞ்சு கிரெடிட்னு போட்டிருக்கான். மூத்தவ இங்க திருச்சியில படிச்சப்போ வாரம் முப்பது மணி நேரம் கிளாஸ்ல உக்காந்திருந்தா. இவ்வளவு பீஸ் கட்டி அதுல பாதிகூட இல்லையே. அதுலயும் ரெண்டரை மணி நேரம் எங்க போச்சு? வெள்ளிக்கிழமை சும்மாதானே இருப்பான்னு கூப்பிட்டா, ‘அப்புறம் பேசறேன்ப்பா’ன்னு வெச்சுடறா.”

சந்தேகம் நியாயமானதுதான். டீ ஆறுவதற்குள் முடிகிற கதை இல்லை என்பதால், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அந்தச் சொல். மளிகைக் கடையில் கிரெடிட் என்றால் கடன். சார் வேலை பார்த்த இடத்தில் அதே சொல்லுக்கு வரவு என்று பொருள். கல்லூரிக் கிரெடிட் இந்த இரண்டாவது வகை. ஒரு பாடத்தில் தேறினால் அதற்குரிய எண் மாணவியின் கணக்கில் வரவாகும். தவறினால் எதுவும் ஏறாது. முக்கால்வாசி படித்தேன், மூன்றில் இரண்டாவது கொடுங்கள் என்று கேட்க முடியாது. இப்படி ஏறி ஏறி, அமெரிக்க இளங்கலைப் பட்டத்துக்குப் பெரும்பாலும் 120 கிரெடிட் சேர வேண்டும். நான்கு வருடத்துக்கு எட்டு செமஸ்டர். 120-ஐ எட்டால் வகுத்தால் பதினைந்து. மகளின் அட்டவணையில் இருக்கும் பதினைந்து அங்கிருந்து வருகிறது.

தொலைந்துபோன இரண்டரை மணி நேரத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். அமெரிக்கக் கல்லூரியில் ஒரு ‘மணி’ என்பது ஐம்பது நிமிடம். மீதிப் பத்து நிமிடம் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு நடப்பதற்கு. மூன்று கிரெடிட் பாடம் என்றால் வாரத்துக்கு மூன்று ஐம்பது, அதாவது 150 நிமிடம். அதை மூன்று நாளாகவும் நடத்தலாம், எழுபத்தைந்து நிமிட வகுப்பு இரண்டாகவும் நடத்தலாம். ஐந்து பாடத்துக்கு 750 நிமிடம். அறுபதால் வகுத்தால் பன்னிரண்டரை, ஐம்பதால் வகுத்தால் பதினைந்து. கணக்கு நேராகிவிட்டது. சார் முகத்தில் பாதித் திருப்தி தெரிந்தது.

மீதிப் பாதிக்குத்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும். கிரெடிட் என்பது வகுப்பில் உட்காரும் நேரம் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். அங்கே பிறந்து வளர்ந்தவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். முதல் செமஸ்டரில் அடிபட்ட பிறகு மாற்றிக்கொள்கிறார்கள். அமெரிக்க மத்தியக் கல்வித் துறை 2010-இல் வெளியிட்டு, 2011 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதியில் ஒரு கிரெடிட் இப்படி வரையறுக்கப்பட்டிருக்கிறது: சுமார் பதினைந்து வாரம், வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஆசிரியரின் நேரடிப் பாடம், அதோடு குறைந்தது இரண்டு மணி நேரம் வகுப்புக்கு வெளியே மாணவரின் சொந்த உழைப்பு. அட்டவணையில் அச்சாவது அந்த முதல் மணி மட்டும்தான். மற்ற இரண்டும் எங்கேயும் எழுதப்படாது.

அப்படியானால் பதினைந்து கிரெடிட் என்பது பதினைந்து மணி வகுப்பும் முப்பது மணி வெளிவேலையும். வாரத்துக்கு நாற்பத்தைந்து மணி. முழுநேர உத்தியோகத்தைவிடச் சற்றே கூடுதல்.

இட்லிக்கு மாவு அரைப்பதை நினைத்துப் பாருங்கள். கிரைண்டர் ஓடுகிற முக்கால் மணி நேரம்தான் தெருவுக்கே கேட்கும். அதற்கு முன்னால் அரிசியும் உளுந்தும் ஊறிய நேரம், பிறகு மாவு பொங்கி எழுந்த ராத்திரி, இரண்டும் சத்தமில்லாதவை. சத்தம் கேட்ட நேரத்தை மட்டும் எண்ணி, இட்லிக்கு முக்கால் மணி நேரம் போதும் என்று யாராவது சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். வகுப்பு என்பது கிரைண்டர் ஓடும் நேரம். அதற்கு முன்னால் நாற்பது பக்கம் படித்துவிட்டு வா என்று சொல்லியிருப்பார்கள். படிக்காமல் போய் உட்கார்ந்தால் ஊறாத அரிசியை அரைத்த கதைதான். வகுப்பு முடிந்ததும் கணக்குத் தாள், கட்டுரை, குழுவாகச் செய்யும் வேலை என்று வாரா வாரம் ஏதாவது ஒப்படைக்க வேண்டும், அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. ஒரே ஒரு வித்தியாசம்: மாவு தானாகப் புளிக்கும், பாடம் புளிக்காது.

மூத்தவளின் முப்பது மணி நேரத்தையும் இங்கே குறைத்துச் சொல்லக் கூடாது. நம் கலைக் கல்லூரிகள் படிப்பின் பெரும்பகுதியை வகுப்பறைக்குள்ளேயே முடிக்கப் பார்க்கின்றன. அங்கே அதைப் பெரும்பாலும் மாணவர் தலையில் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அவளுடைய பழைய பாடத்திட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். அதிலும் மணி நேரத்துக்கு ஒரு கட்டம், கிரெடிட்டுக்கு ஒரு கட்டம் என்று தனித்தனியாக இருக்கும். பகுதி ஒன்று தமிழுக்கு வாரம் ஆறு மணி நேரம் என்று போட்டு, பக்கத்திலேயே மூன்று கிரெடிட் என்று போட்டிருப்பார்கள். இங்கேயும் இரண்டும் ஒன்றல்ல. நாம் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆய்வகம் இருந்தால் கணக்கு இன்னொரு பக்கம் சாயும். வேதியியல் ஆய்வகத்தில் வாரம் இரண்டு அல்லது மூன்று மணி நேரம் நின்றால்தான் பல இடங்களில் ஒரு கிரெடிட். வேலை அங்கேயே நடந்துவிடுகிறது, வீட்டுக்குக் கொண்டுபோவது குறைவு என்பது காரணம். அதனால் அறிவியல் மாணவர்களும் வரலாறு மாணவர்களும் ஒரே பதினைந்தை வைத்திருந்தாலும், முன்னவர்களின் அட்டவணை மட்டும் அடைத்துக்கொண்டு நிற்கும்.

இந்த அளவுகோலை யார் கொண்டுவந்தார்கள் என்று சார் கேட்டார். பதில் அவருக்குப் பிடித்த விஷயத்தில் போய் முடிந்தது: ஓய்வூதியம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹார்வர்டின் தலைவராக இருந்த சார்ல்ஸ் எலியட், எல்லோரும் ஒரே பாடத்தைப் படிக்க வேண்டாம், விரும்பியதைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற முறையைப் பரப்பினார். அதுவரை நான்கு வருடம் ஒரே வண்டியில் போனவர்கள் ஆளுக்கொரு பாதையில் பிரிந்ததும், யார் எவ்வளவு படித்தார் என்று எண்ண ஓர் அலகு தேவைப்பட்டது. அந்தச் சமயத்தில் எஃகு வியாபாரத்தில் பெரும் பணக்காரரான ஆண்ட்ரூ கார்னகி, பேராசிரியர்களின் சொற்பச் சம்பளத்தைப் பார்த்து, அவர்களின் முதுமைக்காக 1905-இல் ஒரு கோடி டாலரை ஒதுக்கி ஓர் அறக்கட்டளை வைத்தார். பணம் தயார். ஆனால் கல்லூரி என்று பலகை மாட்டிய எல்லா இடங்களும் கல்லூரிதானா? சில இடங்களில் உயர்நிலைப் பள்ளிப் பாடமே நடந்துகொண்டிருந்தது.

அதனால் அறக்கட்டளை நிபந்தனைகள் போட்டது. குறைந்தது ஆறு முழுநேரப் பேராசிரியர்கள் வேண்டும். மதச் சபையின் பிடியில் இருக்கக் கூடாது. சேர வரும் மாணவர்கள் உயர்நிலைப் பள்ளியில் பதினான்கு ‘அலகு’ முடித்திருக்க வேண்டும். ஓர் அலகு என்பது ஒரு பாடத்தில் ஒரு வருடத்தில் 120 மணி நேரம். ஓய்வூதியம் வேண்டும் என்பதற்காகக் கல்லூரிகள் வரிசையில் நின்றன. சபைத் தொடர்பை அறுத்துக்கொண்ட கல்லூரிகளும் உண்டு. பள்ளிப் படிப்பை மணிக்கணக்கில் அளப்பது இப்படி நாடு முழுக்கப் பரவ, கல்லூரிகளும் தங்கள் பாடங்களை அதே பாணியில் அளந்தன. 1910-இல் மாரிஸ் குக் என்ற பொறியாளர் அதே அறக்கட்டளைக்காகக் கல்லூரிகளை ஒரு தொழிற்சாலை போல ஆராய்ந்து, ‘மாணவர்-மணி’ என்ற கணக்கில் செலவை எழுதச் சொன்னார். ஆக இது மாணவர் என்ன கற்றார் என்று பார்க்க யோசித்துச் செய்த கருவி அல்ல. வயதான வாத்தியார்களுக்குப் பணம் கொடுக்கப் போன இடத்தில் கையில் கிடைத்த படி.

படி அரிசியின் அளவைச் சொல்லும், ருசியைச் சொல்லாது. அந்த அறக்கட்டளையே 2015-இல் தன் அலகைத் திரும்ப ஆராய்ந்து, இது கற்றலை அளப்பதில்லை, ஆனாலும் நிர்வாகத்துக்கு இதைவிடப் பொதுவான நாணயம் இப்போதைக்கு இல்லை என்ற மாதிரிதான் முடித்தது. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. வெளியே செலவிட வேண்டிய முப்பது மணி நேரத்தை யாரும் வந்து எண்ணுவதில்லை. பத்து மணி நேரத்தில் சமாளிக்கிறவர்களும் இருக்கிறார்கள், ஐம்பதிலும் மூச்சு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். வரவு இருவருக்கும் ஒன்றே.

படி என்றதும் இன்னொன்று. ஊருக்கு ஊர் படி மாறும். நம் நாட்டில் 2023-இல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது, வகுப்பும் மற்றதும் சேர்த்து, முப்பது மணி நேரப் படிப்பு. வருடத்துக்கு நாற்பது, மூன்று வருடப் பட்டத்துக்கு 120. அமெரிக்காவிலும் 120-தான். எண் ஒன்றாக இருப்பதால் அளவும் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே ஒரு கிரெடிட் மூன்று மணி வீதம் பதினைந்து வாரம், அதாவது நாற்பத்தைந்து மணி. இங்கே 120 என்பது 3,600 மணி, அங்கே 5,400. ஐரோப்பாவிலோ ஒரு வருடமே அறுபது கிரெடிட். அமெரிக்காவுக்குள்ளேயே வருடத்தை செமஸ்டராகப் பிரிக்காமல் குவார்ட்டராகப் பிரிக்கும் பல்கலைக்கழகங்களில் பட்டத்துக்கு 180 கேட்பார்கள். குவார்ட்டரின் ஒன்றரைக் கிரெடிட்தான் செமஸ்டரின் ஒரு கிரெடிட்.

இனி சாருக்கு உண்மையிலேயே பணம் சம்பந்தப்பட்ட இடம். அமெரிக்க விதிகளில் இளங்கலை மாணவர் ஒரு செமஸ்டருக்குப் பன்னிரண்டு கிரெடிட் எடுத்தாலே முழுநேர மாணவர். அங்குள்ளவர்களுக்கு அரசு உதவித்தொகை முழுதாகக் கிடைப்பதற்கும் அதுதான் எல்லை, வெளிநாட்டு மாணவர் விசாவுக்கும் அதுதான். அனுமதியில்லாமல் அதற்குக் கீழே இறங்கினால் விசாவுக்கே ஆபத்து. இதனால் ‘முழுநேரம்’ என்ற சொல்லை நம்பிப் பலர் பன்னிரண்டிலேயே நின்றுவிடுகிறார்கள். பன்னிரண்டை எட்டால் பெருக்கிப் பார்த்தால் 96. பட்டத்துக்கு இன்னும் 24 குறைகிறது. அதே வேகத்தில் போனால் இன்னும் இரண்டு செமஸ்டர், அதாவது ஐந்தாவது வருடம், அதற்கான கட்டணம், வாடகை, சாப்பாடு. ஹவாய் பல்கலைக்கழகம் ‘முடிக்கப் பதினைந்து’ என்று பொருள்படும் பிரசாரத்தைத் தொடங்கியதும், பல மாநிலங்கள் அதைப் பின்பற்றியதும் இந்தக் கூட்டல் கணக்கால்தான். பல பல்கலைக்கழகங்களில் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வரை ஒரே கட்டணம். அங்கெல்லாம் ஐந்தாவது பாடம் கூடுதல் பணமில்லாமல் கிடைக்கிறது.

“அப்போ பதினைஞ்சு பதினைஞ்சா எடுத்தா நாலு வருஷத்துல முடிஞ்சிடும்?” என்றார் சார்.

பெரும்பாலும். ஆனால் 120 என்பது தூரம் மட்டுமே. சென்னையிலிருந்து திருச்சிக்குக் கிளம்புகிறவர் விழுப்புரத்தில் கார்டு லைன் வண்டிக்குப் பதில் மெயின் லைன் வண்டியில் ஏறிவிட்டார் என்று வையுங்கள். கடலூர், மயிலாடுதுறை, தஞ்சாவூர் என்று எல்லா ஊரும் பார்ப்பார். ஓடிய கிலோமீட்டர் நிறைய இருக்கும், திருச்சி மட்டும் தள்ளிப்போகும். முதன்மைப் பாடத்துக்கு இவ்வளவு, பொதுக்கல்விக்கு இவ்வளவு, மேல்நிலைப் பாடம் இவ்வளவு என்று அந்த 120-க்குள் தனித்தனி அறைகள் உண்டு. உயிரியலில் தொடங்கிய பெண் மூன்றாம் வருடம் கணினிக்கு மாறினால் பழைய கிரெடிட் அழியாது. ஆனால் பாதி ‘விருப்பப் பாடம்’ என்ற அறையில் போய் உட்கார்ந்துகொள்ளும், அந்த அறையோ ஏற்கெனவே நிரம்பியிருக்கும். இப்படி 140 கிரெடிட் வைத்துக்கொண்டு பட்டம் வாங்காமல் நிற்பவர்கள் உண்டு. கல்லூரி மாறுகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான்: கிரெடிட்டை ஏற்றுக்கொண்டோம் என்று புதிய கல்லூரி சொன்னால், எந்த அறையில் என்று உடனே கேட்க வேண்டும்.

சார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அட்டவணையை மறுபடி பார்த்தார். விரலால் ஒவ்வொரு பாடமாகத் தொட்டு, உதட்டுக்குள் ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு என்று கூட்டிக்கொண்டே போனார். முப்பதில் நின்றார். பிறகு அந்தக் காலியான வெள்ளிக்கிழமைக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

சுவரில் மணி ஏழரை. அங்கே காலை ஒன்பது. கூப்பிடப் போனவர், யோசித்துவிட்டு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“ஞாயித்துக்கிழமை பேசிக்கிறேன்.”