கருமணல் கரையிலும் கோச்சி ஓடும், தெரியுமா?

முல்லைத்தீவுக் கரையின் கொக்கிளாயில் தண்டவாளம் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. களப்பும் கடலும் கரைவலையும்தான். ஆனால் கோச்சி என்றாலே நெஞ்சு அடித்துக்கொள்கிற ஒருவருக்கு, ஒரு மேசையில் சின்னக் கோச்சிப்பாதை கட்ட ஆசைப்படுகிறவருக்கு, இதைவிட ருசியான ஊர் இலங்கையில் வேறில்லை! காலடியில் கிடக்கிற மணலிலிருந்தே தொடங்குகிறேன்.

அலை கழுவிய இடத்தில் கறுப்பாய் மினுங்குகிறதே, அது அழுக்கில்லை. இல்மனைற்று! இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனியம். களப்பின் முகத்துவாரத்துக்குத் தெற்கே புல்மோட்டையில் இதை அள்ளிப் பிரிப்பதற்கென்றே 1957இல் அரசு ஒரு கூட்டுத்தாபனம் தொடங்கியது. மணலிலிருந்து இல்மனைற்றைப் பிரித்தெடுக்க உதவுவது எது தெரியுமா? காந்தம்! இங்கேதான் மொடல் கோச்சிக்காரர் உசாராக வேண்டும். குட்டி எஞ்சினுக்குள் இருக்கிற மோட்டாரிலும் நிரந்தரக் காந்தம் உண்டு. தண்டவாளத்துக்கு அடியில் சல்லிக்குப் பதிலாக இந்தக் கருமணலைக் கொட்டினால், ஓடுகிற எஞ்சின் துகள் துகளாக உறிஞ்சி மோட்டாரையே இறுக்கிவிடும். எந்த ஊர் மணலானாலும் முதலில் ஒரு வலுவான காந்தத்தைக் கடதாசியில் சுற்றி அதன்மேல் இழுங்கள். ஒட்டாமல் மிஞ்சுவதுதான் சல்லி.

ஒட்டினதை வீசலாமா? பொறுங்கள்! இந்தக் கன்னங்கரிய இல்மனைற்றிலிருந்துதான் உலகின் மிக வெண்மையான சாயங்களில் ஒன்று, தைத்தேனியம் ஈரொட்சைட்டு, எடுக்கப்படுகிறது. வெள்ளைப் பெயின்ற் டின்களில் இருக்கிற வெண்சாயம் பெரும்பாலும் அதுதான். மொடல் நிலையத்தின் சுவருக்கு நீங்கள் பூசுகிற வெள்ளை, ஒரு காலத்தில் இப்படியொரு கறுப்புக் கரையில் கிடந்திருக்கும்!

இனி எஞ்சினுக்கு வருவோம். டீசல் எஞ்சின் டீசலில் ஓடுகிறது என்றுதானே நினைக்கிறோம்? பாதிதான் சரி. நம் நாட்டின் பெரிய டீசல் எஞ்சின்கள் பலவற்றில் டீசல் செய்வது மின்பிறப்பாக்கியைச் சுழற்றுவது மட்டுமே. சில்லைச் சுழற்றுவது அச்சோடு பூட்டிய மின்மோட்டார். ஆக, மின்மோட்டாரில் ஓடுகிற மேசைக் கோச்சி போலியில்லை. இரண்டுக்கும் உயிர் ஒரே இடத்தில்தான்!

அதிலும் எம்2 எஞ்சினின் கதை இருக்கிறதே! கொழும்புத் திட்டத்தின்கீழ் 1954 முதல் கனடாவிலிருந்து வந்தவை, 1,425 குதிரைவலு. கனடிய மாகாணங்களின் பெயரையே வைத்தார்கள்: ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, மனிரோபா. கட்டப்பட்டதும் ஒன்ராறியோ மாகாணத்தில், லண்டன் என்ற நகரில். இந்த எஞ்சின்கள் இங்கே வந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு நம் சனம் ஆயிரமாயிரமாக அதே ஒன்ராறியோவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒன்ராறியோ நம்மிடம் வந்தது முதலில் கோச்சியாகத்தான்! மனிரோபாவை உலகமே அறியும். 2004 டிசம்பர் 26 அன்று பெரலியவில் ஆழிப்பேரலை அடித்த ரயிலை இழுத்துச் சென்றது அதுதான். அதை மீட்டுத் திருத்தி மறுபடி ஓடவிட்டார்கள்.

இப்போது ஒரு கணக்கு. உலகில் அதிகம் பேர் கட்டுகிற மொடல் அளவு எச்ஓ: உண்மையில் 87 பங்கில் ஒன்று. அந்தக் கணக்கில் 80 தொன் எஞ்சின் எவ்வளவு நிறை வரும்? 80ஐ 87ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட ஒரு தொன்னில் நிற்கும் என்று மனம் ஓடும். இல்லை! நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் 87ஐ மூன்று முறை பெருக்க வேண்டும்: ஆறரை இலட்சம் மடங்குக்கும் மேல். விடை ஏறத்தாழ 120 கிராம்! அதனால்தான் மொடல் எஞ்சின் வழுக்காமல் இழுப்பதற்கு வயிற்றுக்குள் ஈயத்தைச் செருகுகிறார்கள். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகம் மேசையில் செக்கனுக்கு 32 சென்ரிமீற்றர். ஆள் மெல்ல நடப்பதைவிடவும் மெதுவு, அவ்வளவே. பாய்ந்து ஓடுகிற மொடல் கோச்சி பொய்யாகத் தெரிவது இதனால்தான்.

எந்தப் பாதையைக் கட்டுவது? எனக்கு இதில் இரண்டாம் எண்ணமே இல்லை. வடக்குப் பாதைதான்! காங்கேசன்துறையிலிருந்து கொழும்புக்கு முழுப்பாதையும் திறந்தது 1905 ஆகஸ்ட் முதலாம் திகதி. யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956இல். 1990 ஜூனில் போரால் வவுனியாவுக்கு வடக்கே எல்லாம் நின்றது. அதன்பின் தண்டவாள இரும்பும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. பாதை இருந்த இடத்தில் பற்றை. கொக்கிளாய்ச் சனமோ அதற்கும் முன்பே, 1984 கடைசியிலேயே, ஊரைவிட்டுப் போனது. திரும்பிவரக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. கோச்சியைக் கண்ணால் காணாமலே ஒரு தலைமுறை இந்த வன்னியில் வளர்ந்தது. பிறகு 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு, 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கு, 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கு என்று கோச்சி வந்தேவிட்டது! ஓமந்தையிலிருந்து காங்கேசன்துறை வரை புதிதாய்ப் போட்ட 146 கிலோமீற்றரும் எச்ஓ அளவில் 1,678 மீற்றர். கொக்கிளாய்க் கடற்கரையில் இருபது நிமிட நடைக்குள் அடங்கிவிடும்!

முழுவதும் வேண்டாம், மாங்குளம் நிலையம் ஒன்று போதும். முல்லைத்தீவுப் பக்கத்தாருக்குக் கோச்சி என்றால் மாங்குளம்தானே. ஓர் எஞ்சினும் பத்துப் பெட்டியும் மேசையில் சுமார் இரண்டரை மீற்றர். கரையில் ஏற்றிவைத்திருக்கிற 18 அடிப் படகில் பாதிக்கும் குறைவு!

தொல்லை வளைவில்தான். உண்மைப் பாதையில் 400 மீற்றர் ஆரையுள்ள வளைவு எச்ஓவில் நாலரை மீற்றரைத் தாண்டும். எந்த வீட்டு அறையில் அது அடங்கும்? ஐரோப்பியர் அரை மீற்றர் ஆரையில் திருப்பிவிட்டு, அதை ஒரு மலைக்கும் சுரங்கத்துக்கும் பின்னால் மறைப்பார்கள். வன்னியில் மலைக்கு எங்கே போவது? காடு இருக்கிறதே! பாலையும் முதிரையும் வீரையுமாக அடர்த்தியாய் நட்டால், கோச்சி காட்டுக்குள் நுழைந்து காணாமல் போவது மாங்குளத்தில் நின்று பார்ப்பது போலவே இருக்கும். மரத்தின் உயரத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 20 மீற்றர்ப் பனை 23 சென்ரிமீற்றர் நிற்க வேண்டும். பலர் அதை விரலளவில் நட்டுவிட்டு, ஏன் விளையாட்டுப் பொருள் போல இருக்கிறது என்று கவலைப்படுகிறார்கள். செம்மண்ணை வெயிலில் காயவைத்துத் தேத்தண்ணி வடியில் அரித்துத் தூவி, வெள்ளைப் பசையில் தண்ணீரும் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து சொட்டுச் சொட்டாய் விடுங்கள். அப்படியே பிடித்துக்கொள்ளும். முறிகண்டிப் பிள்ளையாரையும் கச்சான் கடைகளையும் சேர்க்காவிட்டால் அது வன்னியே இல்லை!

தண்டவாள அகலத்திலும் ஒரு சங்கதி. நம் பாதை ஐந்தரை அடி, அதாவது 1,676 மில்லிமீற்றர். கடையில் விற்கிற எச்ஓ தண்டவாளம் 16.5 மில்லிமீற்றர். அது ஐரோப்பாவின் 1,435க்குப் பொருந்தும். நமக்கு 19.3 வேண்டும்! கறாரான ஆட்கள் தண்டவாளத்தைத் தாங்களே கையால் போடுகிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

இந்தப் பித்து எங்கெல்லாம் கொண்டுபோய் விட்டிருக்கிறது தெரியுமா? ஜேர்மனியின் ஹம்பேர்க்கில் 2001இல் இரட்டைச் சகோதரர்கள் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்டில் 16 கிலோமீற்றருக்கு மேல் மொடல் தண்டவாளம்; கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அங்கே இரவு வரும்! குவாலியர் அரண்மனைச் சாப்பாட்டு மேசையில் வெள்ளிக் கோச்சி ஓடி விருந்தாளிக்கு மது பரிமாறியது. புனேயில் ஜோஷி என்பவரின் குட்டி ரயில் நகரம் 1998 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடியில் 1946இல் தொடங்கிய மாணவர் மொடல் ரயில் கழகத்தில், பலகைக்கு அடியில் படுத்து வயர் பூட்டிய பொடியன்கள்தான் பிறகு கணினிக்குள் புகுந்தார்கள். ‘ஹக்கர்’ என்ற சொல் கணினி உலகுக்கு வந்த வழி அந்தப் பலகையின் அடிதான்!

உப்புக்காற்று வீசுகிற ஊரில் கட்டுகிறவருக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். மொடல் எஞ்சினுக்கு மின்சாரம் ஒரு தண்டவாளத்தால் வந்து மற்றதால் திரும்புகிறது. களிம்பு பிடித்தால் எஞ்சின் திக்கித் திக்கி நிற்கும். அதனால் நிக்கல் சில்வர் தண்டவாளமாகப் பார்த்து வாங்குங்கள். பெயரில்தான் சில்வர், செம்பும் நிக்கலும் நாகமுமே தவிர வெள்ளி துளியும் இல்லை! ஒவ்வொரு முறை ஓட்டுவதற்கு முன்னும் துணியால் துடையுங்கள்.

அடுத்த முறை ஒட்டுசுட்டான் தாண்டி மாங்குளம் போகும்போது ஒரு கொப்பியும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு போங்கள். தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். மேடையை அடி வைத்து நடந்து எண்ணுங்கள், கதவின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள், பெயர்ப்பலகையில் ‘மா’ என்ற எழுத்து எத்தனை விரல் உயரம் என்று பாருங்கள். எல்லாவற்றையும் 87ஆல் பிரித்து இரவே எழுதி வையுங்கள்.