சத்தம் மகனுடையது, சம்மன் அப்பாவுடையது

அலோர் காஜாவில் கார் பலருக்குச் சோறு போடும் தொழில். பெகோ தொழிற்பேட்டையில் உள்ள ஹோண்டா ஆலையில் 2003ஆம் ஆண்டிலிருந்து கார்கள் தயாராகி வருகின்றன. அங்கிருந்து வெளியே வரும் எந்தக் காரும் ஊரை எழுப்பிக்கொண்டு வருவதில்லை. ஒலி எவ்வளவு, புகை எவ்வளவு என்று சோதித்து, அனுமதி கிடைத்த பிறகுதான் ஒரு ரகக் கார் விற்பனைக்கே வருகிறது.

அப்படியானால் நள்ளிரவில் நம் தாமான்களில் ஜன்னல் கண்ணாடி அதிரும்படி போகும் கார்கள் எங்கிருந்து வருகின்றன? ஆலைக்கும் நம் வீட்டு வாசலுக்கும் நடுவில் ஒரு பட்டறை இருக்கிறது. அங்கே கழற்றப்படுவது கம்பெனி எக்சோஸ். மாட்டப்படுவது, பையன்கள் பெருமையாக 'குரல் நல்லா இருக்கு' என்று சொல்லும் இன்னொரு எக்சோஸ்.

சைலன்சர் செய்யும் வேலை

எஞ்சினுக்குள் எரிபொருள் வெடித்து எரியும் ஒவ்வொரு முறையும் சூடான வாயு அழுத்தத்தோடு வெளியே பாய்கிறது. அதை அப்படியே விட்டால் துப்பாக்கி வெடிப்பது போல் தொடர்ந்து சத்தம் வரும். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் 1897லேயே இதற்கான ஒலியடக்கிக்குக் காப்புரிமை பெற்றார்கள். சைலன்சருக்குள் அறைகளும் துளையிட்ட குழாய்களும் இருக்கின்றன. சில ரகங்களில் ஒலியை உறிஞ்சும் கண்ணாடி இழைப் பஞ்சும் உண்டு. வாயு இவற்றைச் சுற்றிக் கடக்கும்போது ஒலி அலைகள் மோதி அடங்குகின்றன.

இவற்றை எடுத்துவிட்டால் கார் பறக்கும் என்பது பலருடைய நம்பிக்கை. பந்தயக் காருக்கு எஞ்சின், எரிபொருள் அமைப்பு, கணினிக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்துகிறார்கள். நாம் தவணையில் வாங்கும் சிறிய காரில் பின்பக்கக் குழாயை மட்டும் மாற்றினால் சத்தம்தான் கூடும். வேகம் கூடியது போல் தோன்றுவது காதுக்கு மட்டுமே.

டெசிபல் கணக்கும் பலருக்குப் பிடிபடுவதில்லை. 80 டெசிபல் 90 ஆனால் 'பத்துதானே கூடியிருக்கிறது' என்று தோன்றும். உண்மையில் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. நம் காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கிறது.

சட்டம் புதிதல்ல

இதற்குச் சட்டமே இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. மலேசியாவில் 1959ஆம் ஆண்டின் வாகனக் கட்டுமான, பயன்பாட்டு விதிகளே வண்டிக்குச் சைலன்சர் வேண்டும் என்கின்றன. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் போலீசுக்கும், ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கும் நடவடிக்கை எடுக்கும் அதிகாரத்தைத் தருகிறது. அதே 1987ல், 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், வாகன ஒலிக்கென்றே தனி விதிமுறைகள் வந்தன. சுற்றுச்சூழல் துறை அதிகாரிகள் சாலையோரத்தில் ஒலி அளவுமானியோடு நிற்பது இந்த விதிகளின் பலத்தில்தான்.

பிறகு ஏன் சத்தம் அடங்கவில்லை? எனக்குத் தெரிந்து இரண்டு காரணங்கள். முதலாவது, சொந்தக் கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை கிடையாது. பெரும்பாலும் பெயர் மாற்றும்போதுதான் கார் சோதனை மையத்துக்குப் போகிறது. அன்றைக்குப் பழைய எக்சோஸை மாட்டிக்கொண்டு போய்வந்தால் வேலை முடிந்தது. இரண்டாவது, சாலைக் குற்றத்துக்கு வழக்கமாகத் தரப்படும் சம்மனின் உச்சம் 300 ரிங்கிட். மாட்டிய எக்சோஸின் விலை அதைப்போல் பல மடங்கு. அவ்வளவு செலவழித்தவனுக்கு 300 ரிங்கிட் பெரிதாகத் தெரிவதில்லை.

தூக்கம் யாருடையது

தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் நம் பெற்றோர் விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு ஓடினார்கள். இரவு ஒன்பது மணிக்கெல்லாம் லயம் அடங்கிவிடும். இன்று தாமானில் அப்படி ஒரே நேரத்தில் ஊர் தூங்குவதில்லை. இரவு ஷிப்ட் முடித்துக் காலை எட்டு மணிக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்கள் பகலில்தான் கண்ணை மூட முடியும். எங்கள் வரிசையில் பக்கவாதத்தால் படுத்திருக்கும் ஒரு பாட்டி இருக்கிறார். இரவில் கார் போனதும் அவர் பதறி எழுவதும், மருமகள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வதும் ஒட்டிய சுவர் வழியாக எங்களுக்குக் கேட்கும். போன காருக்கு அது கேட்காது.

இது வெறும் எரிச்சல் சம்பந்தப்பட்ட விஷயமல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 2018ல் ஐரோப்பாவுக்கு வெளியிட்ட வழிகாட்டியில், சாலைப் போக்குவரத்தின் இரவுநேரச் சராசரி ஒலி 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நாம் விழிக்காவிட்டாலும் உடம்பு விழிக்கிறது. இதயத் துடிப்பு எகிறுகிறது, ஆழ்ந்த உறக்கம் கலைகிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் இதய நோய்க்கான ஆபத்து கூடுகிறது.

மருமகனின் கேள்வி

என் அக்கா மகன் இப்படி ஓர் எக்சோஸ் மாட்டியவன். நல்ல பையன், வேலைக்குப் போகிறான், வீட்டுக்குக் காசு கொடுக்கிறான். பேசிப் பார்த்தேன்.

"மாமா, கோயில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் வைக்கிறோமே, அது சத்தம் இல்லையா? என் கார் போறது பத்து செகண்ட்."

நியாயமான கேள்வி. திருவிழாவுக்குத் தேதி உண்டு, அனுமதி உண்டு, பொறுப்பாக ஒரு நிர்வாகம் உண்டு. அதற்கும் எல்லை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2005ல் ஒலிபெருக்கி, பட்டாசு பற்றிய வழக்கில், அமைதியாக வாழ்வதும் உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்று சொன்னது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாட்டையும் உறுதி செய்தது. கோயிலுக்கு ஒரு நியாயம், காருக்கு ஒரு நியாயம் என்று இல்லை. இதைத்தான் அவனிடம் சொன்னேன். "உனக்குப் பத்து செகண்ட். நீ கடந்துபோகிற ஒவ்வொரு வீட்டுக்கும் அது ஒரு தூக்கம்" என்றும் சொன்னேன். பதில் சொல்லவில்லை. எக்சோஸையும் இன்னும் கழற்றவில்லை.

பேச்சு மட்டும் போதாது என்று மற்ற நாடுகளும் கண்டுகொண்டன. பாரிஸ் நகரம் 2022ல், சத்தமிடும் வண்டியைக் கண்டுபிடித்துப் பதிவு எண்ணைப் படமெடுக்கும் ஒலி ரேடார்களைச் சோதனைக்கு வைத்தது. தண்டம் 135 யூரோ. இந்தியாவில் 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒலி விதியை மீறினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சில நகரங்களில் பறிமுதல் செய்த சைலன்சர்களைப் போலீசார் ரோடு ரோலர் ஏற்றி நசுக்கியும் காட்டினார்கள்.

குடும்பம் செய்யக்கூடியது

புகார் செய்ய விரும்புவோர் வெறுமனே 'சத்தம் தாங்கவில்லை' என்றால் அதிகாரிகளால் ஒன்றும் செய்ய முடியாது. வண்டி எண், நாள், நேரம், சாலையின் பெயர் இந்த நான்கும் வேண்டும். வாசலில் நின்று ஒரு காணொளியும் எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஜேபிஜேயின் இ-அடுவான் வசதி வழியாக அனுப்பலாம். சுற்றுச்சூழல் துறையின் கட்டணமில்லா எண் 1-800-88-2727. காரை மறித்துச் சண்டைக்குப் போகாதீர்கள். அதனால் தீர்வதைவிட வளர்வதே அதிகம்.

எக்சோஸ் மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற இளைஞர்கள், மாட்டும் முன்பே ஜேபிஜேயிடம் விசாரியுங்கள். வட்டத்துக்குள் 'இ' எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்த, ஐக்கிய நாட்டுத் தர விதிப்படி சோதிக்கப்பட்ட பொருளா என்று பாருங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம் விபத்து இழப்பீடு கேட்கும் நாளில் கேள்வியாக வந்து நிற்கும்.

பெற்றோருக்கும் ஒன்று. நம் வீடுகளில் மகன் ஓட்டும் கார் பெரும்பாலும் அப்பா பெயரிலோ அம்மா பெயரிலோதான் இருக்கிறது. வங்கிக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டவர் நீங்கள். அமலாக்கக் கடிதம் முதலில் வருவதும் பதிவு பெற்ற உரிமையாளரின் முகவரிக்குத்தான். சத்தம் உங்களுடையதல்ல என்றாலும் கார் உங்களுடையது. கழற்றிய கம்பெனி எக்சோஸ் வீட்டுப் பின்கட்டில் எங்காவது சாய்ந்து கிடக்கும். அதைத் திரும்ப மாட்டும் கூலியை நீங்களே கொடுத்தாலும் நஷ்டமில்லை.