அமெரிக்காவில் படித்தது செல்லாது! கேலிக்கு ஆளான மாணவி, கோடிப் பேருக்கு வழி திறந்த கதை

ரோம் நகரம். 1958-ம் ஆண்டு.

பல்கலைக்கழக அலுவலகத்தில் மாணவர்கள் கூடி நின்றார்கள். அவர்களில் ஒருத்தி சோபியா கொராடி. சட்டம் படிக்கும் மாணவி. வயது 24 இருக்கும்.

அப்போதுதான் அவள் அமெரிக்காவில் இருந்து திரும்பியிருந்தாள். கையில் ஒரு காகிதம். நியூயார்க் நகரில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகம் கொடுத்த சான்றிதழ் அது. உபகாரச் சம்பளம் பெற்று அங்கே படித்தாள். சட்டத்தில் மேல்பட்டமும் வாங்கிவிட்டாள்.

ஆனால் சொந்த ஊரில் அவள் படிப்பு இன்னும் முடியவில்லை. சில பரீட்சைகள் பாக்கி. அமெரிக்காவில் எழுதிய பரீட்சைகளை இங்கே கணக்கில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கத்தான் அவள் வந்திருந்தாள்.

குமாஸ்தா அதை ஏற்கவில்லை. மற்ற மாணவர்கள் காதில் விழும்படி அவளை ஏளனம் செய்தார். அமெரிக்காவில் ஊர் சுற்றிவிட்டு, இங்கே வந்து பட்டமும் கேட்கிறாயா என்ற தோரணையில் பேசினார்.

சோபியாவுக்கு அவமானம் தாங்கவில்லை. ஆனால் வேறு வழியும் இல்லை. மீண்டும் புத்தகத்தை எடுத்தாள். உள்ளூர்ப் பரீட்சைகளை எழுதி முடிக்க இன்னும் ஓராண்டு போயிற்று.

அந்த அவமானத்தை அவள் மறக்கவே இல்லை!

ஊருக்கு ஒரு மார்க்கு

குமாஸ்தாவை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. விதிகளே அப்படித்தான் இருந்தன. ஒரு நாட்டின் படிப்பை அடுத்த நாடு மதிப்பதில்லை. மதிக்க நினைத்தாலும் எப்படிக் கணக்குப் போடுவது?

இத்தாலியில் ஒரு பாடத்துக்கு 30 மார்க்கு. 18 வாங்கினால் பாஸ். பிரான்சில் 20 மார்க்கு. 10 வாங்கினால் போதும். ஜெர்மனியில் எல்லாம் தலைகீழ். அங்கே 1 வாங்குகிறவன்தான் முதல் தரம். 5 வாங்கினால் தோல்வி!

ஜெர்மனியில் 1 வாங்கிய கெட்டிக்காரன் இத்தாலிக்கு வந்தால், 30-க்கு 1 என்று நினைத்துவிட மாட்டார்களா?

அதனால் பணக்கார வீட்டுப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் அயல்நாடு போய்ப் படித்தார்கள். ஓராண்டு வீணானாலும் அவர்களுக்குக் கவலை இல்லை. ஏழை வீட்டுப் பிள்ளையால் அப்படி முடியுமா? ஒரு வருடம் தள்ளிப்போனால், சம்பாத்தியமும் ஒரு வருடம் தள்ளிப்போகும். குடும்பம் தாங்காது.

இந்த அநியாயம்தான் சோபியாவின் மனத்தை அறுத்தது.

18 ஆண்டுப் போராட்டம்

காலம் ஓடியது. சோபியா, இத்தாலியப் பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடும் மாநாட்டுக்கு ஆலோசகர் ஆனார். இப்போது அவர் பேச்சைக் கேட்க ஆள் இருந்தது.

1969-ம் ஆண்டு அவர் ஒரு யோசனையை எழுதிக் கொடுத்தார். யோசனை மிகவும் எளிது. மாணவர்கள் சில மாதம் வெளிநாட்டில் படிக்கட்டும். ஆனால் எந்தப் பாடங்களைப் படிப்பது என்று புறப்படும் முன்பே பேசி முடிவு செய்யவேண்டும். அங்கே பாஸ் செய்தால், இங்கேயும் பாஸ்!

இத்தாலியக் கல்வி மந்திரி கொண்டு வந்த மசோதாவில் இந்த யோசனை இடம் பெற்றது. ஆனால் மசோதா சட்டம் ஆகவில்லை. சோபியா சோர்ந்துவிடவில்லை. கடிதம் எழுதினார். மாநாடுகளுக்குப் போனார். பார்த்தவர்களிடம் எல்லாம் பேசினார்.

1976-ல் ஐரோப்பிய நாடுகளின் கல்வி மந்திரிகள் கூடி, பல்கலைக்கழகங்கள் சேர்ந்து பாடம் நடத்த ஒரு சிறு திட்டத்தை ஒப்புக்கொண்டார்கள். அது முதல் படி.

பெரிய திட்டம் வந்தபோது பணத் தகராறு கிளம்பியது. இவ்வளவு செலவா என்று சில நாடுகள் முணுமுணுத்தன. அப்போது மாணவர்களே களத்தில் இறங்கினார்கள். பிராங்க் பியாஞ்சேரி என்ற பிரெஞ்சு மாணவர் தலைவர் பிரான்சின் ஜனாதிபதி மித்தரானைச் சந்தித்து ஆதரவு கேட்டார்.

1987-ம் ஆண்டு ஜூன் 15-ந்தேதி திட்டம் நிறைவேறியது. சோபியா யோசனை எழுதி 18 ஆண்டுகள் ஆகியிருந்தன!

திட்டத்துக்கு "எராஸ்மஸ்" என்று பெயர் வைத்தார்கள். எராஸ்மஸ் பழைய காலத்து அறிஞர். ஹாலந்தில் பிறந்தவர். பாரீசில் படித்தவர். இங்கிலாந்தில் பாடம் சொன்னவர். 1536-ல் சுவிட்சர்லாந்தில் மறைந்தவர். ஊர் ஊராகப் போய் அறிவு தேடியவர் பெயர், ஊர் விட்டு ஊர் போகும் மாணவர்களுக்குப் பொருத்தம்தானே!

முதல் ஆண்டில் 11 நாடுகள் சேர்ந்தன. 3,244 மாணவர்கள் புறப்பட்டார்கள்.

பெட்டி கட்டும் நாள்

இன்று இந்தப் படிப்பு எப்படி நடக்கிறது? போலந்து நாட்டு மாணவி ஒருத்தி இத்தாலியில் உள்ள பொலோன்யா நகரத்துக்குப் படிக்கப் போகிறாள் என்றால், அவள் கதை இப்படித்தான் இருக்கும்.

பெட்டி கட்டும் முன் அவள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவேண்டும். படிக்கப்போகும் பாடங்கள் எல்லாம் அதில் எழுதியிருக்கும். அவள் ஒரு கையெழுத்து. சொந்தப் பல்கலைக்கழகம் ஒரு கையெழுத்து. பொலோன்யா பல்கலைக்கழகம் ஒரு கையெழுத்து. ஆக மூன்று. அன்று சோபியாவிடம் இல்லாதது இந்தக் காகிதம்தான்!

மார்க்குத் தகராறுக்கும் வழி கண்டுவிட்டார்கள். "கிரெடிட்" என்ற பொது அளவு ஒன்று 1989-ல் பரீட்சார்த்தமாக வந்தது. ஓராண்டுப் படிப்புக்கு 60 கிரெடிட். "செமஸ்டர்" என்னும் அரையாண்டுப் படிப்புக்கு 30 கிரெடிட். எந்த நாட்டில் படித்தாலும் இதே கணக்கு.

பொலோன்யாவில் அவள் தனியாகச் சம்பளம் கட்ட வேண்டியது இல்லை. சொந்த ஊரில் கட்டும் சம்பளமே போதும். மாதச் செலவுக்கு உதவித்தொகையும் உண்டு. தொகை நாட்டுக்கு நாடு வேறுபடும்.

தூண்கள் நிறைந்த நகரம்

பொலோன்யா பல்கலைக்கழகம் 1088-ல் தோன்றியதாகச் சொல்வார்கள். ஐரோப்பாவிலேயே பழமையானது. அந்த ஊருக்கு மூன்று பட்டப்பெயர்கள். படித்த நகரம், கொழுத்த நகரம், சிவந்த நகரம்! பல்கலைக்கழகம் இருப்பதால் படித்த நகரம். சாப்பாடு ருசியாக இருப்பதால் கொழுத்த நகரம். செங்கல் வீடுகளும் ஓட்டுக் கூரைகளும் நிறைந்ததால் சிவந்த நகரம்.

தெரு ஓரம் எல்லாம் தூண்கள் தாங்கிய நடைபாதைகள். மொத்தம் 60 கிலோமீட்டருக்கு மேல் நீளம். மழை பெய்தாலும் குடை இல்லாமலே கல்லூரிக்குப் போகலாம்.

ஆனால் முதல் மாதம் கண்ணீர்தான். தங்க அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆசிரியர் பேசும் வேகம் பிடிபடாது. அம்மா கைச் சமையலுக்கு நாக்கு ஏங்கும். இரவில் வீட்டு நினைவு வரும்.

பிறகு தோழிகள் கிடைப்பார்கள். ஸ்பெயின் நாட்டுப் பெண் முட்டை அடை செய்வாள். கிரேக்கப் பையன் காய்கறி நறுக்குவான். யாருக்கும் யார் பாஷையும் முழுசாகத் தெரியாது. ஆனாலும் ஒரே அடுப்பில் சமையல் நடக்கும்!

கடைசியில் பரீட்சை. இத்தாலியில் பல பரீட்சைகள் வாய்மொழியாகவே நடக்கும். பேராசிரியருக்கு எதிரே உட்காரவேண்டும். அவர் கேள்வி கேட்பார். உடனே பதில் சொல்லவேண்டும். அதுவும் அயல் பாஷையில்! நாலைந்து மாதங்களுக்கு முன் காப்பி கேட்கவே தயங்கிய பெண், இப்போது பேராசிரியருக்குப் பதில் சொல்கிறாள்.

ரெயிலில் ஒரு பாடம்

விடுமுறை வந்தால் பிரயாணம். பொலோன்யாவில் இருந்து வேக ரெயிலில் ஏறினால் 40 நிமிடத்தில் பிளாரன்ஸ் நகரம். தண்ணீரில் மிதக்கும் வெனிஸ் நகரத்துக்கு ஒன்றரை மணி நேரம்.

இளைஞர்கள் ஒரே டிக்கெட்டில் பல நாடுகளைச் சுற்ற 1972 முதலே ரெயில் பாஸ் உண்டு. தூங்குவதற்கு மலிவான இளைஞர் விடுதிகள் இருக்கின்றன. அந்த விடுதிகளைத் தொடங்கி வைத்தவரும் ஒரு வாத்தியார்தான். ரிச்சர்ட் ஷிர்மன் என்ற ஜெர்மன் ஆசிரியர் 1909-ல் பிள்ளைகளோடு நடைப்பயணம் போனார். இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. ஒரு பள்ளிக்கூடத்தில் வைக்கோல் பரப்பிப் படுத்தார்கள். அன்று இரவு அவருக்கு உதித்த யோசனை, 1912-ல் அல்டேனா என்ற ஊரின் கோட்டையில் விடுதியாக வடிவெடுத்தது.

1987-ல் போன மாணவன் எல்லைக்கு எல்லை பாஸ்போர்ட்டைக் காட்டினான். நாட்டுக்கு நாடு பணத்தை மாற்றினான். 1995 முதல் பல நாடுகளுக்கு இடையே எல்லைச் சோதனை நீங்கியது. 2002-ல் யூரோ நாணயம் புழக்கத்துக்கு வந்தது. பிரயாணம் இன்னும் சுலபம் ஆயிற்று.

காதலும் கல்யாணமும்

இளம் பிள்ளைகள் சேர்ந்து படித்தால் காதல் பிறக்காதா? பிறந்தது! எராஸ்மஸ் மாணவர்கள் ஜோடி சேர்ந்ததால், 1987 முதல் சுமார் 10 லட்சம் குழந்தைகள் பிறந்திருக்கலாம் என்று ஐரோப்பியக் கமிஷன் 2014-ல் மதிப்பிட்டது. அப்பா ஒரு நாடு, அம்மா ஒரு நாடு. இரண்டாம் உலகப் போரில் அவர்களுடைய தாத்தாக்கள் எதிர் எதிர் அணியில் நின்றிருக்கவும் கூடும்!

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. உதவித்தொகை எல்லாச் செலவுக்கும் போதாது. வீட்டில் இருந்து பணம் வரவேண்டும், அல்லது வேலை பார்க்கவேண்டும். வசதி இல்லாத பிள்ளைகள் இன்னும் தயங்குகிறார்கள். அதற்காகத்தான் அவர்களுக்குக் கூடுதல் தொகை கொடுக்கிறார்கள்.

இன்று 30-க்கு மேற்பட்ட நாடுகள் திட்டத்தில் உள்ளன. இதுவரை 1½ கோடிக்கும் மேற்பட்டவர்கள் பயன் அடைந்திருக்கிறார்கள். மாணவர்கள் மட்டும் அல்ல, தொழில் பயில்வோரும் ஆசிரியர்களும் இதில் அடக்கம். 2004-ல் "எராஸ்மஸ் முண்டுஸ்" என்ற பிரிவு தொடங்கியது. அதன் மூலம் இந்திய மாணவர்களும் உதவித்தொகை பெற்று, ஐரோப்பாவில் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் மேல்படிப்புப் படிக்கிறார்கள்.

அம்மா எராஸ்மஸ்

சோபியா கொராடி ரோமில் பேராசிரியை ஆனார். மாணவர்கள் அவரை "அம்மா எராஸ்மஸ்" என்று அழைத்தார்கள். 2016-ல் ஸ்பெயின் நாட்டில் ஐந்தாம் கார்லோஸ் ஐரோப்பிய விருது பெற்றார். 2025-ம் ஆண்டு அக்டோபர் மாதம், 91-வது வயதில் காலமானார்.

அன்று அவர் கொண்டு வந்த காகிதம் செல்லாது என்றார்கள். இன்று ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அதேபோன்ற காகிதத்தோடு வீடு திரும்புகிறார்கள். அலுவலகத்தில் அதை வாங்கிப் பதிவு செய்துகொள்கிறார்கள். யாரும் கேலி செய்வது இல்லை!