அக்காள் இந்தியர், தம்பி அகதி!

புதுதில்லி: யமுனைக் கரையில் உள்ள மஜ்னு கா டில்லாவில் 1960-களில் திபெத்திய அகதிகள் குடியேறினர். அவர்களின் பேரக்குழந்தைகளுக்கும் இதுவே வீடு.

இவர்களில் யார் இந்தியர் என்பதைப் பிரிக்கும் எல்லைக்கோடு 1987 ஜூலை 1. குடியரசான 1950 ஜனவரி 26 முதல் அத்தேதிக்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தோர், பெற்றோர் அகதிகளாயினும் இந்தியக் குடிமக்களே. அதன்பின் பிறந்தோருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாக இருத்தல் அவசியம்.

1986-இல் பிறந்த திபெத்தியப் பெண்ணின் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2010-இல் இந்த உரிமையை உறுதி செய்தது. அதே 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த இலங்கைத் தமிழ்ப் பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது.

ஒரே அகதிக் குடும்பத்தில், 1986-இல் பிறந்த அக்காள் வாக்களிக்கலாம்; 1988-இல் பிறந்த தம்பியோ அந்நியராகவே நீடிக்கிறார்.