ஒரே குடும்பம், இரண்டு புத்தகங்கள்

ஆஸ்திரேலியக் கவிஞர் ஜூடித் ரைட் தன் குடும்பத்தின் கதையை இரண்டு முறை எழுதினார். முதல் புத்தகமான 'தி ஜெனரேஷன்ஸ் ஆஃப் மென்' 1959இல் வந்தது. இரண்டாவதான 'தி க்ரை ஃபார் தி டெட்' 1981இல். தாத்தா ஆல்பர்ட் ரைட் விட்டுப்போன நாட்குறிப்புகள் இரண்டுக்கும் ஆதாரம். மனிதர்கள் அவர்களே, ஆறுகளும் மேய்ச்சல் நிலங்களும் அவையே. ஆனால் முதல் புத்தகத்தைப் படித்தவர்கள் வறட்சியோடும் கடனோடும் மல்லுக்கட்டி முன்னுக்கு வந்த ஒரு குடும்பத்தைப் பார்த்தார்கள். இரண்டாவதைப் படித்தவர்கள் ஒரு நாட்டின் நிலம் எப்படிக் கைமாறியது என்பதைப் பார்த்தார்கள். காலனி காலத்துக் குடும்ப வரலாறுகளைப் பற்றி யோசிக்க இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. இத்தகைய கொடிவழிகளில் பெரும்பாலும் பொய் இருப்பதில்லை. பிறப்பு, திருமணம், இறப்பு, கப்பல் வந்த தேதி எல்லாம் சரியாகவே இருக்கும். கோளாறு இருப்பது வேலி போட்ட இடத்தில். யாரைப் பற்றிய பேச்சு இது, யார் கணக்கில் வராதவர்கள் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டு எழுதுகிறார்கள். அந்த வேலியையும் குடும்பம் தானாகப் போடுவதில்லை, தேசம்தான் போட்டுக் கொடுக்கிறது.

ஜூடித்தின் முன்னோரில் ஒருவரான ஜார்ஜ் விண்டம், இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியிலிருந்து மனைவி மார்கரெட்டோடு 1827இன் இறுதியில் சிட்னி வந்திறங்கினார். ஹண்டர் ஆற்றங்கரையில் ஒரு நிலத்தை வாங்கி டால்வுட் என்று பெயர் வைத்தார். சில ஆண்டுகளில் திராட்சைக் கொடி நட்டார். ஆஸ்திரேலிய ஒயின் தொழிலின் முன்னோடிகளில் ஒருவராக இன்றும் அவரைச் சொல்வார்கள். அடுத்த தலைமுறைகள் மந்தைகளோடு வடக்கு நோக்கி நகர்ந்தன. அந்த நகர்வுக்குச் சட்டம் வழிவிட்டது. 1836 முதல் நியூ சவுத் வேல்ஸ் அரசு, வரையறுத்த மாவட்டங்களுக்கு வெளியே கால்நடை மேய்க்க ஆண்டுக்கு 10 பவுண்டு கட்டணத்தில் உரிமம் கொடுத்தது. 'ஸ்குவாட்டர்' என்று அழைக்கப்பட்ட பெரும் மேய்ச்சல் முதலாளி வர்க்கம் இப்படித்தான் வளர்ந்தது. ஆல்பர்ட் ரைட் மத்திய குயின்ஸ்லாந்தில் மந்தை வளர்த்தார். வறட்சியும் வங்கிக் கடனும் அவரை அரித்தன, 1890இல் இறந்துபோனார். கைம்பெண்ணான மே, கடனையும் பிள்ளைகளையும் சுமந்துகொண்டு நியூ இங்கிலாந்து பீடபூமியில் பண்ணைகளைக் கட்டியெழுப்பினார். குடும்பம் அவரால்தான் செல்வக் குடும்பமானது. முதல் புத்தகத்தின் முதுகெலும்பு இந்த மே பாட்டிதான். அவரைப் போன்ற ஒருவரைப் பற்றி எழுதும் எந்தப் பேத்தியும் கொஞ்சம் பெருமையோடு எழுதுவது இயல்புதானே.

அந்தப் பெருமை 1950களின் ஆஸ்திரேலியா தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதையோடு அச்சாகப் பொருந்தியது. முன்னோடிகள், ஆட்டு ரோமம், காட்டைத் திருத்திய உழைப்பு என்பதே பள்ளிப் பாடமும்கூட. தேச வரலாற்றின் சிறு பிரதியாகக் குடும்பம் இருந்தது, குடும்பத்தின் பெரிய பிரதியாகத் தேசம் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று மெய்ப்பித்ததால் யாரும் மூன்றாவது சாட்சியைக் கூப்பிடவில்லை. ஜூடித்தை அந்தக் காலத்திலும் முழுக்கக் கண் மூடியவர் என்று சொல்ல முடியாது. நியூ இங்கிலாந்து மலைமுகட்டில் பூர்வகுடியினர் கொல்லப்பட்டதைப் பற்றித் தந்தை வழியே கேட்ட செய்தியைக் கவிதையாக்கி, 1946இல் வந்த தன் முதல் தொகுப்பிலேயே சேர்த்திருந்தார். ஆனால் கவிதைக்குள் நுழைந்த செய்தி, குடும்ப வரலாற்றில் பின்னணியாகவே தங்கிவிட்டது.

வேலிக்கு வெளியே இருந்தது என்ன? விண்டம் தம்பதியர் வந்த ஹண்டர் பள்ளத்தாக்கு வொன்னருவா மக்களின் நிலம். அவர்கள் வந்திறங்கிய அதே 1827இன் மே மாதத்தில், அந்தப் பகுதியில் காவலில் இருந்த பூர்வகுடி ஒருவரைச் சுட்டுக்கொல்ல வைத்ததாக நதானியேல் லோ என்ற படை அதிகாரிமீது சிட்னியில் வழக்கு நடந்தது. நடுவர்களாக அமர்ந்தவர்களும் படை அதிகாரிகளே; அவர் விடுதலையானார். வடக்கே டாசன் பள்ளத்தாக்கில் நடந்தது இன்னும் கொடியது. 1857 அக்டோபரில் யீமன் மக்கள் ஹார்னெட் பேங்க் பண்ணையைத் தாக்கி 11 பேரைக் கொன்றார்கள். அதற்கு முன்பு அந்தப் பண்ணை ஆண்கள் பூர்வகுடிப் பெண்களிடம் நடந்துகொண்ட விதம் பற்றி அந்தக் காலத்து வெள்ளையர்களே பேசியிருக்கிறார்கள். பதிலடியாகக் குடியேறிகளும் 'நேட்டிவ் போலீஸ்' படையும் மாதக்கணக்கில் வேட்டையாடின; செத்தவர்கள் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் இருக்கும் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. 1848இல் உருவாக்கப்பட்ட அந்தப் படையில் அதிகாரிகள் வெள்ளையர்கள், துப்பாக்கி ஏந்தியவர்கள் வேறு பகுதிகளிலிருந்து சேர்க்கப்பட்ட பூர்வகுடி ஆட்கள். ஆல்பர்ட் ரைட் மந்தை வளர்த்தது இந்த நிகழ்வுகள் நடந்த வட்டாரத்தில், இவை நடந்து முடிந்த பின். 'தி க்ரை ஃபார் தி டெட்' அங்கே வாழ்ந்த வாட்ஜா மக்களையும், அளவுமீறிய மேய்ச்சலால் புல்வெளி சீரழிந்ததையும் கதையின் நடுவுக்குக் கொண்டுவந்தது. தாத்தாவை வில்லனாக்காமலே அதைச் செய்தது.

இரண்டு புத்தகங்களுக்கும் நடுவே இருந்த 22 ஆண்டுகளில் மாறியது தேசம். 1967 மே மாதப் பொதுவாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கும் மேலானோர், பூர்வகுடியினருக்காகச் சட்டமியற்றும் அதிகாரத்தை மத்திய நாடாளுமன்றத்துக்குக் கொடுக்கவும், மக்கள்தொகைக் கணக்கில் அவர்களைச் சேர்க்கவும் வாக்களித்தார்கள். அடுத்த ஆண்டு மானிடவியலாளர் ஸ்டானர், நாட்டின் வரலாற்று நூல்கள் பூர்வகுடியினரைப் பற்றிக் காக்கும் மௌனத்தை வானொலிச் சொற்பொழிவுகளில் போட்டு உடைத்தார். 1972 ஜனவரியில் கான்பெராவில் நாடாளுமன்றத்தின் எதிரே பூர்வகுடி இளைஞர்கள் கூடாரத் தூதரகம் அமைத்தார்கள். ஜூடித் பூர்வகுடிக் கவிஞர் உஜரூ நூனக்கலின் நெருங்கிய தோழி; 1979இல் அமைந்த பூர்வகுடி ஒப்பந்தக் குழுவில் உறுப்பினர். இத்தனைக்கும் பிறகு அதே நாட்குறிப்பைப் பிரித்தபோது கேட்கத் தோன்றிய கேள்வி வேறாக இருந்தது. குடும்ப வரலாறு தேச வரலாற்றுக்குச் செங்கல் எடுத்துக் கொடுக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். இங்கே நடந்தது அதற்கு நேர் எதிர்த்திசையில்: தேசம் கேட்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் குடும்பத்தின் காகிதங்களே பேசின.

ஆஸ்திரேலியக் குடும்பங்களில் பெரும்பாலானவை மேய்ச்சல் முதலாளிக் குடும்பங்கள் அல்ல, ஒரு சீமான் வீட்டுக் கதையை வைத்து எப்படிப் பொதுமைப்படுத்துவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கைதிகளின் கொடிவழியை எடுத்துக்கொள்வோம். 1788 முதல் 1868 வரை ஏறத்தாழ 1,62,000 கைதிகளை பிரிட்டன் அங்கே அனுப்பியது. அவர்களின் உயரம், கண்ணின் நிறம், பச்சை குத்திய அடையாளம் வரை பதிவேடுகளில் இருக்கின்றன; 2007இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. இவ்வளவு ஆவணம் இருந்தும் நூறாண்டுக்கு மேல் குடும்பங்கள் அந்த முன்னோரை மறைத்தன. வான் டீமன்ஸ் லாண்ட் 1856இல் டாஸ்மேனியா என்று பெயர் மாற்றிக்கொண்டதற்கும் இந்தக் களங்க அச்சம் ஒரு காரணம். 1970கள் வாக்கில் நிலைமை தலைகீழானது. முதல் கப்பல் கூட்டத்தில் வந்த கைதி ஒருவர் கொடிவழியில் இருப்பது பெருமையாகிவிட்டது. அந்தக் களங்கம் ஏன் இவ்வளவு எளிதாகப் பதக்கமானது? கோழி திருடிய கொள்ளுத்தாத்தாவை ஏற்றுக்கொள்வதால் இன்று யாருக்கும் எதையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. எல்லைப்புற வன்முறையை ஏற்றுக்கொண்டால் நிலத்தைக் கேட்டு எதிரே ஆள் நிற்கிறார்.

இதற்கு அடிக்கடி வரும் மறுப்பு, அந்தக் காலத்து மனிதர்களை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கக் கூடாது என்பது. கொள்கையளவில் சரி. ஆனால் அந்தக் காலத்துக்கு ஒரே அளவுகோல்தான் இருந்தது என்று யார் சொன்னது? 1838 ஜூனில் மயால் கிரீக் பண்ணையில் விராயராய் மக்கள் 28 பேராவது வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதில் பெண்களும் குழந்தைகளும் அதிகம். அதை அதிகாரிகளுக்குத் தெரிவித்தவர் அதே பண்ணையின் மேற்பார்வையாளர் வில்லியம் ஹாப்ஸ். அதற்காக அவர் வேலையை இழந்தார். சாட்சி சொன்னவர் அங்கே குடிசைக் காவலாக இருந்த கைதி ஜார்ஜ் ஆண்டர்சன். ஆளுநர் கிப்ஸும் அரசு வழக்கறிஞர் பிளங்கெட்டும் விடாமல் வழக்கை நடத்தினார்கள். முதல் விசாரணையில் எல்லோரும் விடுதலையானபோதும் மறு விசாரணை வைத்து ஏழு பேரைத் தூக்கிலிட்டார்கள். தூக்கில் தொங்கியவர்கள் கூலி ஆட்களும் கைதிகளும். கூட்டத்தை நடத்திச் சென்ற நிலக்காரக் குடும்பத்து ஜான் ஃபிளெமிங் பிடிபடவே இல்லை. பிற்காலத்தில் கௌரவ நீதிபதியாகவும் தேவாலய நிர்வாகியாகவும் மரியாதையோடு வாழ்ந்தார். நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1880இல், 'தி குயின்ஸ்லாண்டர்' பத்திரிகையில் கார்ல் ஃபைல்பெர்க் நேட்டிவ் போலீஸின் கொலைகளைத் தொடராக அம்பலப்படுத்தினார். தெரியாமல் நடந்தது என்ற வாதம் இந்தச் சான்றுகளுக்கு முன் நிற்காது. தெரிந்தவர்கள் இருந்தார்கள், எதிர்த்தவர்களும் இருந்தார்கள், பெரும்பாலானோர் பேசாமல் இருந்தார்கள்.

இன்னொரு மறுப்புக்கு வலு அதிகம். ஆவணங்கள் அரைகுறை, வாய்மொழிச் செய்திகள் ஊதிப் பெருக்கப்பட்டவை, கொலைக் கணக்குகள் மிகைப்படுத்தப்பட்டவை என்று கீத் விண்ட்ஷட்டில் 2002இல் ஒரு புத்தகமே எழுதினார். அடிக்குறிப்புகளில் அவர் சுட்டிக்காட்டிய சில பிழைகள் பிழைகள்தான். ஆனால் குடும்பக் காகிதங்களின் மதிப்பு இந்த இடத்தில்தான் கூடுகிறது. பூர்வகுடியினருக்காக வாதாடும் நோக்கம் சிறிதும் இல்லாத ஒரு மேய்ச்சல்காரர், தன் சொந்தக் கணக்குக்காக எழுதிய நாட்குறிப்பில் மிகைப்படுத்த என்ன காரணம் இருக்க முடியும்? அதில் குறை சொல்லியிருக்க வாய்ப்புண்டு, கூட்டிச் சொல்லியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பத்திரிகையாளர் டேவிட் மார் தன் எள்ளுத்தாத்தா ரெஜினால்ட் உர் நேட்டிவ் போலீஸ் அதிகாரி என்பதைத் தற்செயலாக அறிந்து, அந்தக் குடும்பத்தின் தடத்தை அரசு ஆவணங்களிலும் பழைய பத்திரிகைகளிலும் தேடி 2023இல் 'கில்லிங் ஃபார் கன்ட்ரி' என்ற நூலாக்கினார். அதற்கான ஆதாரங்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள் எழுதி வைத்தவையே. பேரப்பிள்ளைகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாகச் சிலர் குறைப்படுவதும் பொருந்தவில்லை. ஜூடித் ரைட்டோ மாரோ தாங்கள் கொலை செய்ததாகச் சொல்லவில்லை. சொத்து, பெயர், ஊரில் கிடைக்கும் மரியாதை ஆகியவற்றை மட்டும் வாரிசாக வாங்கிக்கொண்டு, அவை வந்த வழியை மட்டும் வேண்டாம் என்று தள்ளுவது சரியில்லை என்பதே அவர்களின் நிலை.

இதெல்லாம் புத்தக அலமாரியோடு முடிகிற சங்கதி என்று நினைத்தால் தவறு. பூர்வகுடியினரின் நில உரிமையை ஏற்ற மாபோ வழக்கின் தீர்ப்பு 1992இல் வந்த பிறகு, நிலத்தில் தங்களுக்குத் தொடர்ந்து உரிமை இருக்கிறது என்று கேட்கும் பூர்வகுடி மக்கள், பிரிட்டிஷ் ஆட்சி வந்தபோது அங்கே இருந்தவர்களிடமிருந்து தாங்கள் வழிவழியாக வந்ததையும், தங்கள் மரபு அறுபடாமல் தொடர்வதையும் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. அரசே பிள்ளைகளைப் பிரித்து எடுத்துச் சென்ற குடும்பங்களிடம் அரசே கொடிவழி கேட்கிறது! முரே ஆற்றங்கரை யோர்ட்டா யோர்ட்டா மக்களின் வழக்கில், 1998இல் நீதிபதி ஓல்னி அவர்களின் மரபு காலப்போக்கில் அற்றுப்போய்விட்டதாகத் தீர்ப்பளித்தார். இன்று வாழ்பவர்களின் வாய்மொழிச் சாட்சியத்தைவிட அவர் அதிக எடை கொடுத்தது, 1840களில் அதே நிலத்தில் ஆடு மேய்த்த எட்வர்ட் கர் என்ற ஸ்குவாட்டர் 1883இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளுக்கு. 2002இல் உயர் நீதிமன்றமும் அந்த முடிவை உறுதி செய்தது. நிலத்தை எடுத்துக்கொண்டவர் முதுமையில் எழுதிய நினைவுகள், இழந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு எதிரான சான்றாயின. குடும்ப வரலாறு அவரவர் சொந்த விஷயம், அதில் மற்றவர்களுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் இந்தத் தீர்ப்பை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

டாசன் பள்ளத்தாக்கில் கதை வேறு விதமாகப் போனது. ஹார்னெட் பேங்க் பதிலடிக்குப் பிறகு யீமன் மக்கள் அடியோடு அழிந்துவிட்டார்கள் என்று நீண்ட காலம் எழுதி வந்தார்கள், நம்பியும் வந்தார்கள். ஆனால் உயிர் தப்பியவர்களின் சந்ததியினர் தங்கள் தாத்தா பாட்டிகளின் பெயர்களைக் கோத்துக்கொண்டு வழக்காடினார்கள். 2016இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவர்களின் பூர்வீக நில உரிமையை அங்கீகரித்தது. அத்தகைய தீர்ப்புகளில், உரிமை உடையவர்கள் யார் யாருடைய வழிவந்தவர்கள் என்று மூதாதையர் பெயர்களை வரிசையாக எழுதுவார்கள். மேய்ச்சல்காரர்கள் தங்கள் கொடிவழிகளை எழுதிக்கொண்ட அதே பள்ளத்தாக்கில் எழுந்த இன்னொரு கொடிவழி, நீதிமன்ற ஆவணமாக.